மகளின் சிறுநீரகம் எனக்கு ஏன் பொருந்தவில்லை?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு வயது 44. இரண்டு பிள்ளைகளின் தாய். சிறுநீரகங்கள் செயலிழந்து, 14 மாதங்களாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ரத்த வகை ஓ பாசிட்டிவ். கணவர் சிறுநீரகம் தர முன்வந்தார். அவருக்கு ஏ பாசிட்டிவ் என்பதால் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 22 வயது மூத்த மகளுக்கு ஓ நெகட்டிவ். எல்லாரும் நம்பிக்கையோடு இருந்தபோது கிராஸ்மேட்ச் என்ற பொருத்தப் பரிசோதனையில் 'பாசிட்டிவ், செய்ய முடியாது' என்று முடிவு வந்தது. நெகட்டிவ் வகைதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஓ வகையைச் சேர்ந்த 38 வயது தம்பி முதலில் சரி என்றார். முதல் சுற்றுப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கமே வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. குடும்பம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. 65 வயது அம்மா 'என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். வயதானவர் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதற்கிடையில், பணம் கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்வதாக ஒருவர் அணுகியிருக்கிறார். 'பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையின் கிட்னியை என் உடம்பே வேண்டாம் என்று சொல்லுமா டாக்டர்? இனி எனக்கு வழியே இல்லையா?' என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஊசி போட்ட கையை அசைக்காமல் மறு கையால் இதை எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நான்கு மணி நேரத்தில் மனசு எங்கெல்லாம் போகும் என்று எனக்கு ஓரளவு தெரியும். சிறுநீரக மருத்துவராக அந்தப் படுக்கைகளுக்கு நடுவில்தான் என் நாட்களில் பாதி போகிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழி இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் உங்களுக்குப் பிரித்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் மகள் விஷயத்தை முதலில் பேசுவோம். உங்களை உறுத்திக்கொண்டிருப்பது அதுதான்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதன் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். எல்லாக் கர்ப்பத்திலும் நடப்பது இது. உங்கள் மகளின் செல்கள்மேல் இருக்கும் அடையாளங்களில் பாதி உங்களிடமிருந்து வந்தவை, மறு பாதி உங்கள் கணவரிடமிருந்து வந்தவை. அந்த மறு பாதி உங்கள் உடம்புக்கு அந்நியம். அதைப் பார்த்ததும் சில பெண்களின் உடம்பு எதிர்ப்பொருட்களை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். ஆன்டிபாடி என்று உங்கள் டாக்டர் சொல்லியிருப்பாரே, அதுதான். அன்றைக்கு அது குழந்தைக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. மகள் ஆரோக்கியமாகப் பிறந்து வளர்ந்துவிட்டாள். ஆனால் அந்த ஞாபகம் ரத்தத்தில் பல வருடங்கள் தங்கியிருக்கும். அதே அடையாளங்களோடு ஒரு சிறுநீரகம் வந்தால் உடனே பாயும். ஆக, அவளைச் சுமந்த காரணத்தால்தான் இது வந்தது. உங்கள் பாசத்திலும் குறை இல்லை, மகளிடமும் குறை இல்லை. இதை அவளிடமும் சொல்லுங்கள். பொருந்தவில்லை என்று தெரிந்த பிள்ளைகள் தங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு தனியாக அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கிராஸ்மேட்ச் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த 'பாசிட்டிவ்' கொஞ்சம் புரியும். மகளின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, பொடிப்பொடிக் குழிகள் உள்ள ஒரு தட்டில் விடுவார்கள். அதன்மேல் உங்கள் சீரம், அதாவது ரத்தத்தில் அணுக்களை நீக்கிய தெளிநீர், ஒரு சொட்டு. பிறகு முயலின் சீரத்திலிருந்து எடுத்த, எதிர்ப்பொருள் ஒட்டிய செல்லைக் கொல்லும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கலவை. கடைசியில் ஒரு சாயம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல்லுக்குள் சாயம் ஏறிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எவ்வளவு செல் செத்திருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். நிறையச் செத்திருந்தால் அதுதான் பாசிட்டிவ்; உள்ளே வைக்கும் சிறுநீரகத்துக்கும் அதே கதிதான். 1969இல் படேல், டெராசாகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் மாற்றுச் சிகிச்சை நடந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி ஆனது. அன்றிலிருந்து எதிர்ப்பொருளைப் பார்க்காமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை. உங்களுக்கு முடியாது என்று சொன்னவர்கள் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதே சமயம், பாசிட்டிவ் என்ற ஒரு வார்த்தையோடு நீங்கள் திரும்பி வந்துவிடக் கூடாது. சிலருக்குத் தன் செல்களையே லேசாகத் தாக்கும், கெடுதல் செய்யாத வேறு வகை எதிர்ப்பொருள் இருக்கும். அதனாலும் இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். சீரத்தில் டிடிடி (DTT, பூச்சிமருந்து டிடிடி அல்ல) என்ற வேதிப்பொருளைச் சேர்த்துத் திரும்பச் செய்தால் அது தெரிந்துவிடும். எனவே மூன்று விஷயம் கேளுங்கள். டிடிடி சேர்த்துச் செய்தார்களா? எந்தெந்த அடையாளங்களுக்கு எதிராக எனக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது? அந்த அறிக்கையின் நகல் கிடைக்குமா? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். உங்கள் அடுத்த முடிவுகள் எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் நிற்கின்றன.

ரத்த உறவும் பொருத்தமும்

உறவினர் சொன்ன நெகட்டிவ் வகை விஷயத்தை இன்றோடு மறந்துவிடுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது ரத்தம் ஏற்றும்போதும் கர்ப்பத்திலும்தான் முக்கியம். சிறுநீரகத்துக்கு அது கணக்கே இல்லை. ஓ, ஏ, பி, ஏபி மட்டும்தான் பார்ப்போம்.

கூடப்பிறந்தவர் என்றால் பொருந்தும் என்பதும் பாதி உண்மைதான். திசு அடையாளங்களை ஹெச்எல்ஏ என்போம். அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு. கூடப்பிறந்த ஒருவரோடு இரண்டும் ஒத்துப்போக 25 சதவீத வாய்ப்பு, ஒன்று மட்டும் ஒத்துப்போக 50 சதவீதம், ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்க 25 சதவீதம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதி ஒத்துப்போகும். ஆனால் முழுக்க ஒத்துப்போனால்தான் சிகிச்சை என்ற காலம் எப்போதோ போய்விட்டது. இப்போதிருக்கும் மருந்துகளோடு, அடையாளம் எதுவுமே ஒத்துப்போகாத கணவன் மனைவி சிறுநீரகம் கொடுத்து வாங்கி நன்றாக இருக்கிறார்கள். பெரிய தடை ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்தான். பிள்ளை பெற்றவர்களுக்கும், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், முன்பு ஒரு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அது அதிகம்.

இதை வைத்து உங்கள் வீட்டை இன்னொரு தடவை பாருங்கள். மகளிடம் உங்கள் ரத்தம் எதிர்ப்பது பெரும்பாலும் கணவரின் அடையாளங்களைத்தான். அப்படியானால் கணவருக்கு இரண்டு தடைகள்: ரத்த வகை ஒன்று, எதிர்ப்பொருள் இன்னொன்று. ரத்த வகை பொருந்தாவிட்டாலும் மாற்றுச் சிகிச்சை செய்யலாம், பிளாஸ்மாவை மாற்றிச் சுத்தம் செய்து செய்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஜப்பானில் 1980களின் கடைசியிலிருந்தே செய்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அதோடு எதிர்ப்பொருளையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும். தொற்று, நிராகரிப்பு, செலவு மூன்றுமே கூடும். மற்ற வழிகளைப் பார்த்த பிறகு யோசிக்க வேண்டியது அது.

அம்மாவைக் கேட்டீர்களா?

கடிதத்தில் நான் நின்றுபோன இடம் இது. கணவரின் அடையாளங்கள் இருக்க வாய்ப்புக் குறைந்த, உங்களோடு கட்டாயம் பாதி ஒத்துப்போகிற ஒருவர் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறார். அவருடைய ரத்த வகை என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

65 வயது மட்டும் ஒருவரைத் தள்ளிவிடக் காரணம் ஆகாது. அறுபதைத் தாண்டியவர்கள் கவனமான பரிசோதனைக்குப் பிறகு கொடுத்திருக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்போம். ரத்த அழுத்தம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் பேசிப் பார்க்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் வேலைத்திறன் எவ்வளவு, இதயம் எப்படி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். வயதானவரின் சிறுநீரகம் இளையவருடையதைவிடக் கொஞ்சம் குறைந்த காலம் உழைக்கலாம். ஆனால் டயாலிசிஸில் வருடக்கணக்காகக் காத்திருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

நீங்கள் ஓ என்பதால் அம்மா ஓவாகவோ ஏயாகவோ பியாகவோ இருக்கலாம். ஓ என்றால் நேராக கிராஸ்மேட்ச். ஏ அல்லது பி என்றாலும் கதவு மூடிவிடாது. ரத்த வகை பொருந்தாத சிகிச்சையை யோசிப்பதாக இருந்தால் கணவரைவிட அம்மா உங்களுக்கு எளிதாக அமையக்கூடும். அம்மாவின் கிராஸ்மேட்ச் நிச்சயம் நெகட்டிவ் வரும் என்று என்னால் சொல்ல முடியாது. எதிர்ப்பொருட்கள் சில சமயம் ஒன்றைப்போன்ற இன்னொன்றையும் தாக்கும். பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று: உங்கள் சிறுநீரகம் எதனால் பழுதானது என்று நீங்கள் எழுதவில்லை. நீர்க்கட்டி நோய் மாதிரி பரம்பரையாக வருவதாக இருந்தால், அம்மா, தம்பி, மகள் மூவரையும் அந்தக் கண்ணோடு முதலில் பரிசோதிக்க வேண்டும்.

ஜோடி மாற்றம்

இன்னொரு வீட்டில் இதே கதை நடந்துகொண்டிருக்கும். அங்கே கொடுக்க மனசுள்ள ஒருவர் இருப்பார், அவருடையது அவர் வீட்டு நோயாளிக்குப் பொருந்தாது. உங்கள் வீட்டுக் கொடையாளர் அங்கே கொடுக்க, அவர்கள் வீட்டுக் கொடையாளர் உங்களுக்குக் கொடுப்பது ஜோடி மாற்றம். ஸ்வாப் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். 1986இல் ராப்பபோர்ட் என்ற மருத்துவர் சொன்ன யோசனை. 1991இல் தென் கொரியாவில் முதலில் செய்தார்கள். இரண்டு வீடு, மூன்று வீடு என்று சங்கிலியாகவும் நடக்கிறது. யாரை யாரோடு சேர்ப்பது என்ற கணக்கை ஒழுங்குபடுத்திய ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கணவரை வைத்து நீங்கள் பதிந்தால் காத்திருப்பு நீளலாம். ஏ வகைக் கொடையாளரும் ஓ வகை நோயாளியுமாக வரும் ஜோடிகள் அந்தப் பட்டியலில் நிறைய. ஓ வகைக் கொடையாளர் பெரும்பாலும் தன் வீட்டு நோயாளிக்கே நேராகக் கொடுத்துவிட முடியும் என்பதால் பட்டியலுக்கு வருவதே குறைவு. உங்கள் மகளோ ஓ வகை. அவளுடையது எந்த ரத்த வகைக்கும் போகும். எதிர்ப்பொருள் காரணமாக மட்டும் தள்ளப்பட்ட ஓ கொடையாளர் அந்தப் பட்டியலில் எல்லாரும் தேடுகிற ஆள். அவளுடைய பெயரில் பதிந்தால் பலன் அதிகம்.

இதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்குச் செய்யும் துரோகம் என்பதால் சொன்னேன். ஆனால் என் சொந்த அபிப்பிராயத்தில் மகளைக் கடைசியில் வைத்திருப்பேன். அவளுக்கு 22 வயது. ஒரு சிறுநீரகத்தோடு அறுபது வருடம் வாழ வேண்டியிருக்கலாம். கொடுத்த பெண்களுக்குப் பின்னால் வரும் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் சிக்கல் சுமார் 100இல் 11 பேருக்கு வந்தது, அதேபோன்ற ஆரோக்கியம் உள்ள மற்றப் பெண்களுக்கு 5 பேருக்கு வந்தது என்று 2015இல் ஒரு கனடா ஆய்வு சொன்னது. பெரும்பாலான தாயும் சேயும் நலமாகவே இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவள் பிடிவாதமாகக் கொடுப்பேன் என்றால், நீங்கள் யாரும் இல்லாத அறையில் கொடையாளர் பக்கத்து மருத்துவர் அவளோடு தனியாகப் பேச வேண்டும்.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்?

ஒரு சிறுநீரகம் கொடுத்தால் ஆயுசுக்கும் நோயாளி என்று தம்பி வீட்டில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஆபத்தே இல்லை என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. இருக்கும் ஒரு சிறுநீரகம் சற்றுப் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தானே செய்யும். அறுவை சிகிச்சையை ஒட்டி உயிர் போகும் ஆபத்து 10,000இல் அதிகபட்சம் சுமார் 3 பேருக்கு. 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, கொடுத்தவர்களில் 10,000க்கு 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 14 பேருக்கு. கூடுதல்தான், ஆனால் சிறிய எண். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லாப்ரோஸ்கோப் முறையில் செய்தால் சில நாளில் வீட்டுக்கு வரலாம். நாலிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்புகிறார்கள். ஆயுள் முழுவதும் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பி

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கணக்குப்படி உங்கள் தம்பி நல்ல வாய்ப்பு. ஓ வகை, கணவரின் அடையாளங்கள் இருக்க வாய்ப்புக் குறைந்தவர். ஆனால் அவர் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை. எந்த உறவுக்கும் அந்தக் கடமை கிடையாது. உயிரோடிருப்பவரின் உறுப்பை எடுக்கும் எல்லா நெறிமுறைகளுக்கும் அடிப்படை, அவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சம்மதிப்பது. மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை அவர் மனம் மாறலாம். 'கூடப்பிறந்தவனுக்கு இந்த மனசுகூட இல்லையா' என்று பெரியவர்கள் கேட்டு, அதற்குப் பயந்து அவர் வந்து படுத்தால், நல்ல மருத்துவக் குழு அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

சரி என்று சொன்னவர் பிறகு ஒதுங்குவது அடிக்கடி நடப்பதுதான். கவுன்சலிங் அறையில் இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே உறவுக்காரர்கள் காத்திருப்பார்கள். இவர் கையிலிருக்கும் டோக்கன் சீட்டைச் சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே இருப்பார். சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, ஒரு மாதம் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை, மனைவி பயந்து கிடக்கிறாள் என்று மெதுவாக ஒவ்வொன்றாக வரும். எல்லாமே நியாயமான காரணங்கள். அவரிடம் நாங்கள் சொல்வது: கொடுக்க விருப்பமில்லை என்றால் எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், 'இவர் தகுந்த கொடையாளர் இல்லை' என்று மட்டும் வெளியே தெரிவிப்போம், காரணம் யாருக்கும் போகாது. அதைக் கேட்டதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். சிலர் அதற்குப் பிறகுதான் நிதானமாகக் கேள்வி கேட்கவே ஆரம்பிப்பார்கள்.

உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் இரட்டையர்களுக்கு நடந்தது. ரொனால்ட் ஹெரிக் தன் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். முந்தின இரவு ரிச்சர்ட் ஒரு சீட்டில், இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று எழுதி அனுப்பினார். இங்கேதான் இருப்பேன் என்று ரொனால்ட் பதில் அனுப்பினார். ரிச்சர்ட் அதற்குப் பிறகு எட்டு வருடம் வாழ்ந்தார். ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை, 79 வயது வரை இருந்தார். எனக்கு அந்தச் சீட்டுதான் எப்போதும் நினைவுக்கு வரும். சாகக் கிடந்தவர், கொடுக்க வந்தவரைப் போகச் சொன்னார்.

உங்கள் தம்பிக்கும் நீங்களே அப்படி ஒரு வரி அனுப்பலாம். 'டா தம்பி, கிட்னி விஷயமாகப் பேச வேண்டாம். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போ.' அவ்வளவு போதும். பெரியவர்களிடமும் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். இதைக் கொடையை வரவழைக்கும் தந்திரமாகச் செய்யாதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். சிறுநீரகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்களுக்குத் தம்பி வேண்டும்.

பணம் கேட்கும் ஆள்

அவருடைய எண்ணை அழித்துவிடுங்கள். ஈரானைத் தவிர ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். தரகருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சிறை வரலாம். 2008இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து இஸ்தான்புல் பிரகடனத்தில் இதைக் கண்டித்திருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள். இப்படி வரும் கொடையாளரை யார் சரியாகப் பரிசோதித்தார்கள் என்றே தெரியாது. ஹெபடைட்டிஸ், எச்ஐவி தொற்றோடு திரும்பியவர்கள் உண்டு. உங்கள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் வேறு இருக்கிறது. போலிக் காகிதத்தோடு ஓர் இரவில் செய்கிற சிகிச்சை உங்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து. விற்பவர் பெரும்பாலும் கடனில் மூழ்கியவர். பணத்தில் பெரும்பங்கு தரகருக்குப் போகும், அவருக்குப் பின்னால் வைத்தியம் பார்க்க ஆள் இருக்காது.

அடுத்து என்ன செய்யலாம்?

இறந்தவரிடமிருந்து பெறும் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். உயிருள்ள கொடையாளரைத் தேடுவதும் பட்டியலில் இருப்பதும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

ரத்தம் ஏற்றுவதைக் கூடுமானவரை தவிருங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் இரும்புச்சத்து ஊசியும், சிவப்பணுக்கள் உண்டாகத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியும் போதுமா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் புது எதிர்ப்பொருளைக் கிளப்பக்கூடும். அவசரத்தில் ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றத்தான் வேண்டும், ஆனால் மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்கு அன்றே தெரிவியுங்கள். எதிர்ப்பொருளைத் திரும்பப் பார்ப்பார்கள்.

அப்புறம் அம்மா. அவருக்கு ரத்த வகையும் சர்க்கரையும் பார்க்க ஒரு காலை நேரம் போதும். அவரையும் தனியாக உட்கார வைத்து, மகளுக்காக மட்டும் இல்லாமல் தனக்காகவும் யோசித்துத்தான் சொல்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், கிராஸ்மேட்ச் அறிக்கையின் நகலோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜோடி மாற்றத்துக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று பேசுவோம்.